ராமமூர்த்தி நகர் வாடகை வீடு: கடன், பத்திரம், காப்பீடு பற்றிய எட்டு ஆண்டு அனுபவம்

2017 நவம்பரில், பெங்களூரு ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது மனையில் மூன்று குடித்தனங்கள் கொண்ட மாடி வீடு ஒன்றை, வாடகைக்கு விடுவதற்கென்றே நானும் என் மனைவியும் சேர்ந்து வாங்கினோம். முதலில் பார்த்த வீடு பி காத்தா (விதிகளுக்கு முழுதும் உட்படாத சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவு) என்பதால் எங்கள் வங்கி கடன் தர மறுத்துவிட்டது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. வாங்கிய வீட்டின் விலை 1 கோடியே 10 லட்சம். அதில் 70 லட்சம் 8.5% வட்டியில் 20 ஆண்டுக் கடன். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் முழுக்க எங்கள் கைப்பணம். மாதத் தவணை 60,750 ரூபாய், மூன்று குடித்தனங்களின் வாடகை 34,000. வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் சொன்ன கணக்கு முதல் மாதமே பொய்த்தது. மாதம் 26,750 ரூபாய் சம்பளத்திலிருந்துதான் போயிற்று.

வீட்டை என் பெயரில் மட்டும் வாங்கலாம் என்பது என் முதல் எண்ணம். மனைவி ஒப்பவில்லை. அவர் தம் சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் தம் வங்கிக் கணக்கிலிருந்தே விற்பவருக்குக் கொடுத்தார். கிரயப் பத்திரத்தில் ஆளுக்குப் பாதி என்று எழுதினோம். கடனிலும் இருவரும் கையெழுத்திட்டோம். முதலாண்டு வரிக் கணக்கிலேயே அதன் பலன் தெரிந்தது. ஆண்டு வாடகை 4,08,000. அதில் சொத்து வரி 12,000 போக மிஞ்சியதில் வாடகை வருமானத்துக்குச் சட்டம் தரும் 30% கழிவும், ஏறத்தாழ 5,90,000 வட்டியும் கழிந்தால் 3,12,800 ரூபாய் நட்டம். பழைய வரி முறையில் இத்தகைய நட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பள வருமானத்தில் ஈடுகட்டலாம். மீதியை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் அதை வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும். இரண்டாகப் பிரிந்ததால் ஆளுக்கு 1,56,400 என்று முழுத் தொகையும் அந்த ஆண்டே ஈடாகிவிட்டது. புதிய வரி முறைக்கு மாறிய பிறகு இந்த வசதி இல்லை. அங்கே வாடகைக்கு மேற்பட்ட வட்டி நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பத்திரத்தில் மனைவி பெயரைச் சேர்த்துவிட்டுப் பணத்தை எல்லாம் கணவனே கட்டியிருந்தால், அந்தப் பாதி வாடகையும் கணவனின் வருமானமாகவே கணக்கில் ஏறும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடன் விஷயத்தில் நான் அசந்தது வட்டியில் அல்ல, தவணை எண்ணிக்கையில். 2020-இல் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த கடனுக்கு மாறியபோது வட்டி 7%-க்கு இறங்கியது, மகிழ்ந்தோம். 2022 ஏப்ரலில் 153 தவணைகள் மீதம் இருந்தன. அடுத்த மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. தவணைத் தொகை மாறாததால் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒன்றுவிடாமல் 13 தவணைகள் கட்டி முடித்து 2023 மே மாதத்தில் செயலியைத் திறந்து பார்த்தால், மீதம் 186 என்று காட்டியது. கட்டக் கட்டக் கடன் வளர்ந்ததா என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அசல் குறைந்துதான் இருந்தது. வட்டி ஏறியதால் தவணை ஒவ்வொன்றிலும் அசலுக்குப் போகும் பங்கு சுருங்கி, முடிவு தேதி தள்ளிப் போயிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று கேட்டுக் கடன் வாங்கியவருக்குத் தேர்வு தர வேண்டும் என ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நாங்கள் தவணையை 8,000 ரூபாய் உயர்த்திக்கொண்டோம்.

காப்பீட்டில் வங்கிக்காரர்கள் தொடக்கத்திலேயே குழப்பினார்கள். ஒற்றைப் பிரீமியத்தில் ஓர் ஆயுள் காப்பீட்டைக் கட்டாயம் என்பது போலப் பேசிக் கடனோடு சேர்த்தார்கள். வீட்டுக் காப்பீட்டையோ மனை விலையையும் சேர்த்து 1 கோடியே 10 லட்சத்துக்கு எழுதினார்கள். மனை தீயில் எரிவதில்லை. 2021 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசிக்கு மாறியபோது, 2,200 சதுர அடிக்குச் சதுர அடி 1,900 ரூபாய் கட்டுமானச் செலவு வீதம் 41.8 லட்சத்துக்கு மட்டும் எடுத்தோம். பிரீமியம் பெருமளவு குறைந்தது.

2022 செப்டம்பர் மழையில் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் பொங்கிக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்து குடியிருந்த குடும்பம் இரண்டு மாதம் உறவினர் வீட்டுக்குப் போனது. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "சார், தண்ணி நின்ன மட்டம் இது. இதுக்கு மேல தெரியுறது பழைய ஓதம், அதுக்குப் பணம் வராது" என்றார். சரியாகத்தான் சொன்னார், நாள்பட்ட கசிவு இந்த பாலிசியில் அடங்காது. குடித்தனக்காரரின் குளிர்சாதனப் பெட்டியும் எங்கள் பாலிசியில் வராது. அவர் தம் பொருட்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பழுது பார்க்கும் காலத்து வாடகை இழப்பு அடங்கும் என்பது மட்டும் ஆறுதல். அதிலும் ஒரு சிக்கல். ஆண்டுதோறும் வாய்ப்பேச்சாகவே ஐந்து சதவீதம் வாடகை ஏற்றிவந்தோமே தவிர, 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் இருந்த பழைய தாளில் 12,000 என்று இருந்தது. நிறுவனம் அந்தக் கணக்கிலேயே இரண்டு மாத வாடகையைக் கொடுத்தது. அன்று நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த வாடகை 14,500. இப்போது மூன்று குடித்தனங்களுக்கும் 11 மாதத்துக்கு ஒருமுறை புது முத்திரைத் தாளில் எழுதி, வாடகையை வங்கிக் கணக்கில் மட்டுமே வாங்குகிறோம்.