மறைபொருளைத் தேடும் வண்டிக்கு எந்தக் கண்: துளைத்தகடா, காம்ப்டன் கேமராவா?

மறைத்து வைத்த கதிரியக்கப் பொருள் இருக்கும் திசையைப் படமாகக் காட்ட, வண்டியில் பொருத்தும் கருவிகளில் இரு வகைகள் முதன்மையானவை.

செயல்முறை: துளைத்தகட்டுக் கருவியில், ஈயம் அல்லது டங்ஸ்டன் தகட்டின் துளை வரிசை உணரியின்மேல் விழுத்தும் நிழலைக் கொண்டு, காமாக் கதிர் வந்த திசை கணக்கிடப்படுகிறது. காம்ப்டன் கேமராவில் தகடு இல்லை. ஓர் உணரியில் சிதறி மற்றொன்றில் உறிஞ்சப்படும் ஒவ்வொரு கதிரும், தான் வந்திருக்கக்கூடிய திசைகளாலான ஒரு கூம்பைத் தருகிறது, கூம்புகள் வெட்டிக்கொள்ளும் இடமே கதிரியக்கப் பொருள் இருக்கும் திசை.

ஆற்றல்: அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் வெளியிடும் 59.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிருக்குத் துளைத்தகடே ஏற்றது. கோபால்ட்-60 வெளியிடும் 1,173, 1,332 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்கள் மெல்லிய தகட்டை ஊடுருவி நிழலை மங்கச் செய்வதால், அங்கே காம்ப்டன் முந்துகிறது.

எடை: தகடு கனமானது, காம்ப்டனுக்கு அச்சுமை இல்லை.

பார்வைப் பரப்பு: தகடு நோக்கும் பக்கம் மட்டும், காம்ப்டனுக்கு ஏறத்தாழ எல்லாத் திசைகளும்.

உண்மையான சிக்கல் வேகம்தான். மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓடும் வண்டி நொடிக்கு 10 மீட்டர் நகர்ந்துவிடுவதால், பொருளின் அருகே கதிர்களை எண்ணக் கிடைக்கும் நேரம் குறைவு. தொலைவு இரட்டித்தால் கதிர் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகிறது. இரண்டு உணரிகளிலும் பதிந்த கதிர்களை மட்டுமே ஏற்கும் காம்ப்டன் இங்கே பின்தங்குகிறது.

சாலையோரம் தேடி ஓடும் வண்டிக்குப் பெரிய உணரிப் பரப்புள்ள துளைத்தகட்டையே நான் பரிந்துரைப்பேன். நிறுத்தி வைத்துச் சுற்றுப்புறம் முழுவதையும் ஆராய்வோர் காம்ப்டனைத் தேர்ந்தெடுக்கலாம்.