வி.ஆர். முதலீடு: விளையாட்டு மையமா, கேம் ஸ்டுடியோவா?

வி.ஆர். என்பது தலையில் ஹெட்செட் மாட்டி, நிஜம்போல் தோன்றும் கணினி உலகுக்குள் விளையாடுவது. ஆட்களை வரவழைத்து விளையாடவிடும் மையமும், கேம் தயாரிக்கும் ஸ்டுடியோவும் ‘வி.ஆர். பொழுதுபோக்கு’ என்றே முதலீட்டாளரிடம் பணம் கேட்கும். ஆனால் தொழில் வேறு, ஆபத்தும் வேறு.

செலவு
மையம்: வாடகை, ஹெட்செட், ஊழியர். ஆள் வராவிட்டாலும் வாடகை ஓடும். 2020 பெருந்தொற்றில் சாண்ட்பாக்ஸ் வி.ஆர். என்ற மைய நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது இதனால்தான்; பிறகு மீண்டது.
ஸ்டுடியோ: பெரும்பகுதி சம்பளம். கேம் வெளிவரும்வரை வருமானம் இல்லை.

வருமானம்
மையம்: நீங்களே கணக்குப் போடலாம். 4 பேர் அறை. ஆட்டம் 30 நிமிடம், ஹெட்செட்டைத் துடைத்து அடுத்த குழுவைத் தயார்படுத்த 15 நிமிடம். 10 மணி நேரத்தில் 13 ஆட்டம், அதிகபட்சம் 52 டிக்கெட். சனிக்கிழமைக் கூட்டத்தைக் காட்டினால் மயங்காதீர்கள்; செவ்வாய்க்கிழமை எத்தனை டிக்கெட் விற்றது, ஒருமுறை வந்தவர் திரும்ப வந்தாரா என்று கேளுங்கள்.
ஸ்டுடியோ: ஸ்டீம், மெட்டா ஆகிய ஆன்லைன் கேம் கடைகள் விற்பனையில் எடுத்துக்கொள்ளும் வழக்கமான பங்கு 30 சதவீதம். மீதியிலும் ரீஃபண்ட் கழியும்.

பழுது
மையம்: ஹெட்செட்டில் முகம் படும் பஞ்சு, கேபிள், கன்ட்ரோலர் அடிக்கடி மாற்ற வேண்டும்.
ஸ்டுடியோ: ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பது) தடுமாறினால் ஆடுபவருக்குத் தலைசுற்றல், உடனே மோசமான ரிவ்யூ. கையெழுத்திடும் முன் அரை மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள்.

மாதாமாதம் கணக்குப் பார்க்க விரும்புபவருக்கு மையம், அதுவும் குத்தகையை இடையில் முறிக்க வழியிருந்தால் மட்டும். முழுத்தொகை போனாலும் தாங்குபவருக்கு ஸ்டுடியோ.