எண் உண்டு, பலகை இல்லை: காவிரிப் படுகைச் சாலைகளில் ஒரு பயணம்

இந்த முறை ஊருக்கு வந்தபோது என் பயணம் பெரும்பாலும் சாலை வழியாகவே அமைந்தது. சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. அதற்காகச் சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே இறங்கி, பிறகு மயிலாடுதுறை, கும்பகோணம், கல்லணை என்று காவிரியை ஒட்டியே மேற்கே போய்த் திருச்சியில் விமானம் ஏறினேன். சாலைகளின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சிறு வயதில் பேருந்தில் குலுங்கிக் குலுங்கிப் போன வழிகள் பல இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தச் சாலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஒவ்வொரு மாநில நெடுஞ்சாலைக்கும் அரசு ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண் அரசுப் பட்டியலிலும் கைப்பேசி வரைபடத்திலும் தவறாமல் இருக்கிறது. சாலையோரத்தில் மட்டும் ஓரிடத்தில் இருந்து அடுத்த பத்து இடங்களில் இல்லாமல் போகிறது.

தேசிய நெடுஞ்சாலைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எண் மாற்றம் எவ்வளவு மெதுவாகச் சாலைக்கு வந்து சேர்கிறது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நடுவண் அரசு 2010-ல் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புதிய எண்களை அறிவித்தது. அந்த முறை உண்மையிலேயே சிறப்பானது. வடக்குத் தெற்காகச் செல்லும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்கள். அவை கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகக் கூடும். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண்கள். அவை வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். தமிழ்நாட்டில் இதைக் கண்கூடாகக் காணலாம். கடற்கரையை ஒட்டிச் செல்வது 32, அதற்கு மேற்கே விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் வழி 36, அதற்கும் மேற்கே விழுப்புரம்–திருச்சி–மதுரை வழி 38, சேலம், கரூர், திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரி செல்வது 44. குறுக்கே செல்பவற்றில் கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்ப்பேட்டை 79, கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் வருவது 81, திண்டுக்கல், தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் வருவது 83. இந்த ஒழுங்கை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவர், வரைபடத்தைத் திறக்காமலே தாம் எந்தத் திசையில் போகிறோம் என்பதை ஊகித்துவிடலாம்.

இவ்வளவு நல்ல முறை மக்களிடம் போய்ச் சேரவில்லை. குடும்பத்தின் வாட்ஸாப் குழுவில் பெரியவர் ஒருவர், "புதுச்சேரிக்குப் பிறகு 45ஏ-வை விடாமல் பிடித்து வாருங்கள், நேராகத் திருக்கடையூர்" என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன வழி முற்றிலும் சரி. விழுப்புரம்–புதுச்சேரி–நாகப்பட்டினம் சாலையின் பழைய எண் அதுதான். ஆனால் கோவையிலிருந்து வேன் ஓட்டி வந்த இளைஞருக்கு 45ஏ என்ற எண்ணே தெரியாது. அவர் வழியில் கண்ட பலகைகளில் 32 என்று இருந்தது. ஒரு கடையின் முகப்பில் பழைய எண்ணைக் கண்டு, இவை இரண்டும் வேறு வேறு சாலைகள் என்றே எண்ணியிருக்கிறார். எண் மாறி ஒரு தலைமுறையே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. பழைய எண்கள் முகவரிகளிலும் கடைப் பெயர்களிலும், சில இடங்களில் கல்லிலும்கூட இன்னும் நிற்கின்றன.

சென்னை–திருச்சிச் சாலையில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. பயணம் செய்பவர்களுக்கு அது ஒரே சாலை. முன்பு 45 என்ற ஒரே எண் அதற்கு இருந்தது. இப்போது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கு மேல் 38. மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை என்பதும், கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் குறிக்கும் என்பதும் விதி. விதி தெரிந்தவர்களுக்கு இதில் தெளிவு உண்டு. தெரியாதவர்களுக்கு, எண் மாறும் இடத்தில் "இனி இது 132, திருச்சி செல்வோர் இதே சாலையில் தொடரவும்" என்று ஒரு பலகை சொல்ல வேண்டும். அப்படி ஒரு பலகையை நான் பார்க்கவில்லை. பழைய எண்களைச் சொந்த அறிவாக வைத்திருப்பவர்களுக்கு வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 66 என்பது முன்பு புதுச்சேரி–கிருஷ்ணகிரிச் சாலையின் எண். இன்று அதே 66, மும்பைக்கு அருகிலுள்ள பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரை வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் சாலையின் எண். பழைய எண் நீங்கியதோடு நிற்காமல் வேறிடத்தில் புதிய பொருளோடு நிற்கும்போது, இரண்டும் சில ஆண்டுகளாவது ஒன்றாகப் பலகையில் இருந்திருக்க வேண்டும்.

கடற்கரைச் சாலையும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் எல்லாருக்கும் தெரியும். மாநில நெடுஞ்சாலை 49 என்றால் யாருக்கும் தெரியாது. பழைய மாமல்லபுரம் சாலையின் எண் 49ஏ என்பதும் அப்படியே. மாமல்லபுரம்–புதுச்சேரிப் பகுதி பின்னர் 332ஏ என்ற எண்ணோடு தேசிய நெடுஞ்சாலை ஆனது. பெயரால் மட்டுமே வழங்கி வந்த சாலை எண் மாறிய செய்தியைத் தன் பயணிகளுக்குச் சொல்ல இயலாது என்பதையே இது காட்டுகிறது, ஏனெனில் முந்தைய எண்ணே அவர்களிடம் சென்று சேர்ந்திருக்கவில்லை.

புதுச்சேரி, காரைக்கால் எல்லைகளில் பலகைகளின் நிறமும் எழுத்தும் மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிருவாகம் வேறு, பலகை வேறு. எண்ணாவது தொடர்ந்தது.

நான் மிகவும் வருந்தியது கல்லணை–காவிரிப்பூம்பட்டினம் சாலையில்தான். மாநில நெடுஞ்சாலை 22 என்பது அதன் எண். காவிரி கடலில் சேரும் இடத்திலிருந்து கரிகாலன் அணை வரை நீளும் இந்தச் சாலைக்கு இணையாக, தமிழ்நாட்டின் வரலாற்றையே ஒரு நாளில் கடக்கும் வழி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பூம்புகாரில் தொடங்கும்போது ஒரு பலகையில் எண்ணைப் பார்த்தேன், மகிழ்ச்சியாக இருந்தது. மயிலாடுதுறை நகருக்குள் நுழைந்ததும் எண் மறைந்தது. நகருக்குள் சாலை பலமுறை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கடை விளம்பரங்கள் இருந்தன, கோயில்களுக்கு வழிகாட்டும் அம்புக்குறிகள் இருந்தன, 22 எங்கே தொடர்கிறது என்று சொல்லும் ஒரு சிறு தகடு இல்லை. ஓட்டுநர் இறங்கி, "அண்ணே, கும்பகோணம் ரோடு எது?" என்று கேட்டார். "நேரே போய் மணிக்கூண்டுக்கிட்ட சோத்துக்கை பக்கம் திரும்புங்க தம்பி" என்று அன்பாகச் சொன்னார்கள். வழி கேட்டால் சொல்லும் மனிதர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அது பெரிய செல்வம். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு அந்த மனிதர் அங்கே இருக்கமாட்டார். கைப்பேசியில் பெண் குரல் "எஸ்.எச். 22-ல் தொடரவும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் குரல் சொல்வதைச் சாலையில் சரிபார்க்க வழியில்லை.

நகரை விட்டு வெளியே வந்த பிறகு கிலோமீட்டர் கற்களை மட்டுமே நம்பினேன். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்த செய்தி. இந்த நிறம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பராமரிப்பவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நிறம் சாலையின் வகையைச் சொல்லுமே ஒழிய எந்தச் சாலை என்று சொல்லாது. சில கற்களில் எண் இருந்தது, சிலவற்றில் அடுத்த ஊரின் பெயரும் தொலைவும் மட்டும் இருந்தன. பழைய தார்ப்படலத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திய இடங்களில் கல்லின் பாதி மண்ணுக்குள் இருந்தது. எண் எழுதியிருந்தாலும் தெரியாது. இன்னும் சில கற்களின்மேல் சுவரொட்டி.

இது வெறும் வசதிக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். குத்தாலத்தைத் தாண்டி ஓரிடத்தில் இரு சக்கர வண்டியில் வந்த ஒருவர் விழுந்து காயப்பட்டிருந்தார். முன்னால் நின்ற காரிலிருந்தவர் 108-ஐ அழைத்தார். அவரும் எங்களைப் போல் வெளியூர்க்காரர். எந்த இடம் என்ற கேள்விக்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் வயல், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஊர்ப் பெயர்ப் பலகை இல்லை. சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் பேசி அடையாளம் சொன்ன பிறகே ஊர்தி புறப்பட்டது. வந்து சேர்ந்தவர்கள் விரைவாகவும் பொறுப்பாகவும் செயல்பட்டார்கள், காயமும் பெரிதில்லை. "எஸ்.எச். 22, இன்ன கிலோமீட்டர்" என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடிந்திருந்தால் அந்தப் பதற்றமான நிமிடங்கள் மிச்சமாகியிருக்கும். வீடுகளுக்குக் கதவெண் எப்படியோ, வயல்வெளியில் ஓடும் சாலைக்கு எண்ணும் கிலோமீட்டரும் அப்படி.

நான் வாழும் மலேசியாவில் கூட்டரசுச் சாலைகளுக்கு வெறும் எண். மாநிலச் சாலைகளுக்கு முன்னால் மாநிலத்தின் எழுத்து. பேராக்கிற்கு ஏ, சிலாங்கூருக்கு பி, ஜொகூருக்கு ஜே. வண்டிகளின் எண் பலகையில் உள்ள அதே எழுத்துகள் என்பதால் குழந்தைக்கும் மனப்பாடம். நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் செய்தித்தாள்கள் கிலோமீட்டர் எண்ணோடு, சில நேரம் தசமப் புள்ளியோடு, இடத்தை எழுதுகின்றன. நம் செய்திகளில் "இன்ன ஊர் அருகே" என்றுதான் வருகிறது. இந்தியாவில் மாநில நெடுஞ்சாலை எண்கள் மாநிலத்துக்கு மாநிலம் திரும்ப வருகின்றன. கேரளத்தின் ஒன்றாம் எண் கேசவதாசபுரம்–அங்கமாலி வழியான எம்.சி. சாலை, தமிழ்நாட்டுக்கும் ஓர் ஒன்றாம் எண் உண்டு. எல்லை மாவட்டங்களில் எண்ணுக்கு முன்னால் வண்டிப் பதிவுக்குரிய 'டிஎன்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரே சாலை பல கைகளில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் சில பகுதிகள் நடுவண் ஆணையத்திடமும், சில பகுதிகள் மாநிலத்தின் தேசிய நெடுஞ்சாலை அலகிடமும் இருக்கின்றன. மாநிலச் சாலைகளைக் கட்டுமானம் மற்றும் பராமரிப்பு அலகு பார்க்கிறது. ஊருக்குள் நுழைந்தால் உள்ளாட்சியின் தெருப் பலகைகளும் சேர்கின்றன. அகலப்படுத்தும் பணிகள் துண்டு துண்டாக ஒப்பந்தம் விடப்படுகின்றன. விக்கிரவாண்டி–தஞ்சாவூர்ச் சாலை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்றும் ஒரே வேகத்தில் முடியவில்லை. பணி முடிந்த பகுதியில் புத்தம் புதிய பச்சைப் பலகைகள் 36 என்று மின்னுகின்றன. பணி முடியாத பகுதியில் பழைய பலகையை எடுத்துவிட்டார்கள், புதியது வர வேண்டிய காலம் வரவில்லை. பலகை என்பது பணியின் கடைசி உருப்படியாக இருக்கும் வரை இந்த இடைவெளி ஒவ்வொரு சாலையிலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது பெரிய பலகைகளே அல்ல. ஒவ்வொரு சந்திப்பைத் தாண்டியதும் சிறிது தூரத்தில், எண்ணும் அடுத்த பெரிய ஊரின் பெயரும் மட்டும் உள்ள ஒரு சிறு தகடு போதும். சந்திப்புக்கு முன்னால் உள்ள பலகை தேர்ந்தெடுக்க உதவுகிறது. சந்திப்புக்குப் பின்னால் உள்ள தகடு, தேர்ந்தெடுத்தது சரிதான் என்று உறுதி தருகிறது. இரண்டாவது வகை நம் மாநிலச் சாலைகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடுத்தது, ஒரு சாலைக்குப் பலகை வைக்கத் தொடங்கினால் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் முடிப்பது. பாதிச் சாலைக்கு எண் இருப்பது, எண் நின்ற இடத்தில் சாலையே மாறிவிட்டதோ என்று பயணியை எண்ண வைக்கிறது. அதைவிட எண்ணே இல்லாதது நல்லது என்றுகூடச் சொல்வேன்.

புறப்படுவதற்கு முன் கற்களின் படங்களையும் எண் மறைந்த திருப்பங்களின் பட்டியலையும் சேர்த்து உரிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு ஒப்புகை தந்தார்கள். அகலப்படுத்தும் பணி வரும்போது பலகைகளும் சேர்ந்தே வரும் என்று அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். அகலப்படுத்தும் திட்டமே இல்லாத மாநிலச் சாலைகளுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். அதற்குத் தனியாக மதிப்பீடு போட வேண்டும் என்றார். அந்த மதிப்பீட்டைக் கேட்டு அடுத்த மனுவை எழுதி அனுப்பியிருக்கிறேன்; இந்தச் சாலைகளில் பயணம் செய்யும் மற்றவர்களும் தாங்கள் கண்ட கற்களையும் திருப்பங்களையும் கிலோமீட்டரோடு குறித்து எழுதினால், மதிப்பீடு போடுபவர்களின் வேலை எளிதாகும்.