டெஸ்ட் டேபிளைச் சுத்தம் செய்ய ரோல்பேக்கா, ட்ரங்கேட்டா?

ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் விட்டுப்போன வரிகள் அடுத்த டெஸ்டைக் கவிழ்க்கக் கூடாது. இதற்கு டெம்பரரி டேபிள் வைக்கலாம், ஒவ்வொரு டெஸ்டுக்கும் ட்ரங்கேட் (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) அடிக்கலாம், அல்லது டெஸ்டையே ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் (சேர்ந்தே உறுதியாகும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் செயல்களின் தொகுப்பு) ஓட்டி ரோல்பேக் செய்யலாம், அதாவது எழுதியதையெல்லாம் திருப்பிவிடலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நாங்கள் ட்ரங்கேட்டை விட்டு ரோல்பேக்குக்கு வந்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

டெம்பரரி டேபிளை முதலில் தள்ளிவிடலாம். செஷன் (டேட்டாபேஸுடனான இணைப்பு) முடிந்தால் அது தானாகப் போய்விடும், சரி. ஆனால் கனெக்‌ஷன் பூல் (இணைப்புகளை மூடாமல் வைத்து மறுபடி தரும் ஏற்பாடு) இருந்தால் செஷன் முடிவதே இல்லையே! அதே கனெக்‌ஷன் திரும்பக் கிடைத்தால் 'டேபிள் ஏற்கெனவே இருக்கிறது' என்று எரர். வேறு கிடைத்தால் டேபிளையே காணோம்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், ரோல்பேக்தான் வேகம். ட்ரங்கேட் புதுக் கோப்பு உருவாக்குவதால், நாலு வரி உள்ள டேபிளுக்கு வெறும் டெலீட்டே முந்திக்கொள்ளும்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. ட்ரங்கேட்டுக்கு டேபிள் பட்டியல் வேண்டும். மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) புது டேபிள் சேர்த்தவர் பட்டியலைத் தொட மறந்தால், சம்பந்தமே இல்லாத டெஸ்ட் என்றோ ஒருநாள், அதுவும் ஓடும் வரிசை மாறினால் மட்டும், விழும். ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு) தடுக்கிறதே என்று, சுட்டும் டேபிள்களையும் சேர்த்துக் காலி செய்யும் கேஸ்கேட் போட்டால், யூசர் டேபிளைச் சுட்டும் செட்டிங்ஸ் டேபிளும், அதில் முன்பே ஏற்றிவைத்த தரவோடு சேர்ந்து காலி. டெஸ்ட் பாதியில் செத்தால் கடைசியில் வரவேண்டிய துடைப்பு நடக்கவே நடக்காது. ட்ரங்கேட்தான் என்றால், அதை டெஸ்டின் தொடக்கத்தில் வையுங்கள்.

ரோல்பேக்கில் பட்டியலே கிடையாது. புராசஸைக் கொன்றாலும், கனெக்‌ஷன் அறுந்ததும் சர்வரே திருப்பிவிடும்.

அதற்கும் சில முரண்டுகள் உண்டு. ஐடிகளை வரிசையாகத் தரும் சீக்வென்ஸ் எண் பின்னால் போகாது. ஐடி 1 என்று எதிர்பார்க்கும் டெஸ்டை மாற்றி எழுத வேண்டும். நேரம் கேட்கும் 'நவ்' ஃபங்ஷன் டிரான்சாக்‌ஷன் முழுக்க ஒரே நேரத்தைத்தான் தரும். அதை நம்பி, வரி உருவான நேரத்தை வைத்து வரிசைப்படுத்தும் டெஸ்ட் குழம்பும். கமிட்டுக்கு (மாற்றங்களை உறுதியாக்கும் கட்டம்) தள்ளிவைத்த கன்ஸ்ட்ரெயின்ட்கள் (தரவுக்கான விதிகள்) சரிபார்க்கப்படாமலே போகும். ரோல்பேக்குக்கு முன் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இம்மீடியட்' போட்டால் பிடித்துவிடலாம்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பெரிய டெஸ்ட் தொகுப்பை நான் பராமரித்ததில்லை. ஆனால் அங்கே நடுவில் ஒரு கிரியேட் டேபிள் வந்தாலே கமிட் ஆகிவிடும், அதுவரை எழுதியதைத் திருப்ப முடியாது. டேபிள் அமைப்பான ஸ்கீமாவைத் தொடும் டெஸ்ட் நிறைய இருந்தால் அங்கே ரோல்பேக்கை நம்ப மாட்டேன்.

பிரௌசர் டெஸ்ட், தனி புராசஸில் பின்னணி வேலையாக ஓடும் வொர்க்கர் ஆகியவற்றுக்கும் ரோல்பேக் ஆகாது. கமிட் ஆகாத வரிகள் இன்னொரு கனெக்‌ஷனின் கண்ணில் படாது. அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, எங்களிடம் இன்னும் ட்ரங்கேட்தான் ஓடுகிறது.