மரபுச் சீட்டோடு வந்த ஐந்து விதைகள்

இராட்சதப் பரங்கி விதைகளை இரண்டு இடங்களில் வாங்கி, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் பின்புறமுள்ள சமூகத் தோட்டத்தில் இரண்டு பருவம் வளர்த்துப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதல் பொட்டலம் இணையச் சந்தை ஒன்றில் 4 வெள்ளிக்குக் கிடைத்தது. பத்து விதைகள், உறையில், பக்கத்தில் நிற்கும் சிறுவனைவிட உயரமான காயின் படம். இரண்டாவது பொட்டலம் கனடாவில் போட்டிக்காகவே பரங்கி வளர்க்கும் ஒருவரிடமிருந்து அஞ்சலில் வந்தது. ஐந்து விதைகளுக்கு அஞ்சல் செலவோடு 38 வெள்ளி ஆயிற்று. இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தப் பணத்தை நான் விதையோடு வந்த ஒரு சிறு சீட்டுக்காகக் கொடுத்தேன் என்பதாகும்.

அச்சீட்டில் தாய்க்காயின் எடை, அதை வளர்த்தவரின் குடும்பப் பெயர், ஆண்டு ஆகியவையும், அதற்கு மகரந்தம் தந்த கொடி எந்தக் காயின் விதையிலிருந்து முளைத்தது என்பதும் எழுதப்பட்டிருந்தன. போட்டிக்கு வளர்ப்பவர்கள் விதைகளை இப்படித்தான் அழைக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாப்ஸ்ஃபீல்டு கண்காட்சியில் ரான் வாலஸ் கொண்டுவந்த காய் 2,009 பவுண்டு எடை காட்டியதால், அதன் விதைக்கு ‘2009 வாலஸ்’ என்பதே பெயராகிவிட்டது. தந்தை இருக்க வேண்டிய இடத்தில் ‘திறந்த’ என்று எழுதியிருந்தால், தேனீக்கள் எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவந்தன, தந்தை தெரியாது என்று பொருள்.

தந்தை தெரிவதில் என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தக் காயின் வரலாறே அதில்தான் அடங்கியிருக்கிறது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் கனடாவின் வில்லியம் வார்னாக் வைத்த 403 பவுண்டு காயின் சாதனை 1976 வரை முறியடிக்கப்படவில்லை. நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் வின்ட்சர் ஊரைச் சேர்ந்த விவசாயி ஹோவர்டு டில், எந்தப் பூவின் மகரந்தம் எந்தப் பூவில் சேர வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்து, பல ஆண்டுகள் பொறுமையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ வகையைக் கொண்டு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் போட்டியில் வென்றார். இன்று போட்டிகளுக்கு வரும் பெருங்காய்கள் அந்த வழியில் வந்தவையே. 2023இல் கலிஃபோர்னியாவில் எடை போட்ட காய் 1,247 கிலோ இருந்தது. சுற்றளவை வைத்துக் கணக்கிட்ட எடையைவிடத் தராசில் கூடுதலாக நிற்கும், அதாவது சுவர் தடித்த காய்களின் விதைகளை வளர்ப்பவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இத்தகைய பண்புகளை இரு பக்கமும் பார்த்துச் சேர்த்த உழைப்பைத்தான் அந்தச் சீட்டு தாங்கி வருகிறது.

4 வெள்ளிப் பொட்டலத்தில் சீட்டு இல்லை. ஏழு விதைகள் முளைத்தன, கொடியும் செழிப்பாகவே ஓடியது. ஆனால் இலை நரம்புகள் பிரியுமிடங்களில் வெள்ளைத் திட்டுகள் தோன்றியபோதே எனக்கு ஐயம் எழுந்தது. காய்த்தபின் காம்பு ஐந்து பட்டைகளோடு, காயைத் தொடுமிடத்தில் விரிந்து, கட்டை போல் இறுகியிருந்ததைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது. அது தேக்கா ஈரச்சந்தையில் நாம் துண்டு போட்டு வாங்கும் மொஸ்காட்டா இனம். இராட்சதக் காய் மாக்சிமா இனத்தைச் சேர்ந்தது. அதன் காம்பு உருண்டையாக, தக்கை போல் மென்மையாக இருக்கும். சமைப்பதற்கு அது நல்ல காய்தான், ஆனால் உறையில் எழுதியிருந்த பொருள் அதுவன்று. விற்றவர் இதை அறிந்தே செய்திருந்தால் அது ஏமாற்று.

கனடா விதைகளில் நான்கு முளைத்தன. ஓட்டின் விளிம்பை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து ஊன்றச் சொன்ன அறிவுரை உதவியது. சூடேற்றும் விரிப்பு வேண்டும் என்ற அறிவுரை நமக்குத் தேவையில்லை, ஏனெனில் அவர்கள் செயற்கையாக உண்டாக்கும் 30 பாகை வெப்பம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. இரண்டு கன்றுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தோட்டத் தோழர்களுக்குக் கொடுத்தேன்.

மகரந்தச் சேர்க்கைதான் இந்த முயற்சியின் உயிர். ஆண் பூக்கள் முதலில் வரும். நாள்கள் கழித்து, அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண் பூ தோன்றும். அது ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். ஆகவே முந்தைய மாலையே, மறுநாள் மலரவிருக்கும் பெண் பூவின் இதழ்களையும் இரண்டு மூன்று ஆண் பூக்களின் இதழ்களையும் ரப்பர் வளையத்தால் மெல்லக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்க் கொசுத்தேனீக்கள் நமக்கு முன்பே வேலையை முடித்துவிடும். இங்கே ஏறத்தாழ 7 மணிக்குப் பொழுது விடிவதால், வேலைக்குக் கிளம்புமுன் ஏழே காலுக்குத் தோட்டத்தில் நிற்பேன். ஒரு கொடியின் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, மகரந்தத் தண்டை மற்றக் கொடியின் பெண் பூவினுள் சூலகமுடியின் ஒவ்வொரு மடல்மீதும் தடவ வேண்டும். ஒரு மடல் விடுபட்டாலும் காய் ஒரு பக்கம் குறுகிப்போகக்கூடும். பின்பு மறுபடியும் கட்டி, மழை இறங்காதபடி பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தேன், ஏனெனில் மகரந்தம் நனைந்தால் கெட்டுவிடும். முதல் மூன்று பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் பிஞ்சு நிற்பது கடினம் என்பதால், நான்காவதற்கு நிழல்வலை கட்டினேன். அது நின்றது.

ஒரே காயை வைத்து மற்றவற்றை அகற்றினேன். பழ ஈக்கு அஞ்சிப் பிஞ்சிலேயே மெல்லிய துணியால் மூடினேன். நண்பரின் காய்கறிக் கடைத் தராசில் அது 27 கிலோ 400 கிராம் இருந்தது. 1,200 கிலோவைப் படித்துவிட்டு இதைக் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். விதைமேல் குறை சொல்ல மாட்டேன். வின்ட்சரில் கோடைப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது, இரவு குளிர்கிறது. இங்கே ஆண்டு முழுதும் 12 மணி நேரப் பகல்தான், இரவிலும் 25 பாகை வெப்பம் தணியாததால் பகலில் சேர்த்த உணவைக் கொடியே செலவழித்துவிடுகிறது. எனக்குக் கிடைத்த இடமும் ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர்தான். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை வைத்திருப்பவர்கள் இவ்விதையை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சீட்டோடு வந்த வளர்ப்புக் குறிப்பு முழுவதும் உறைபனியைப் பற்றியே பேசுவது ஒரு குறை; வெப்பநாடுகளுக்கு ஒரு பக்கம் சேர்த்தால் நன்றாயிருக்கும். மற்றபடி, சொன்ன பொருளைச் சொன்னபடி அனுப்பிய விற்பனையாளர் இவர். இடமிருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வேறு யாரிடம் வாங்கினாலும், தந்தைக் கொடி எது என்று முதலில் கேளுங்கள்.

என் காயிலிருந்து எடுத்த விதைகளை உலர்த்தி, ‘27.4 கிலோ, ஈசூன், தாயும் தந்தையும் உடன்பிறந்த கொடிகள்’ என்று சீட்டெழுதி வைத்திருக்கிறேன். மழை குறையும் பிப்ரவரியில் பூக்கும்படி டிசம்பரில் ஊன்றப்போகிறேன்.