கோடைக் கடல் பயணம் முடிந்து வேலூர் வந்த படகுச் சாமான்கள்: நீண்ட நாள் அனுபவம்

பாய்மரப் படகில் எடுத்துப் போகும் சாமான்களைப் பற்றிக் கேட்பவர்கள், கடலில் அது எப்படி உழைத்தது என்றுதான் கேட்கிறார்கள். கடலில் எல்லாமே நன்றாக உழைத்தது. வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் பரணில் கிடந்து, அடுத்த கோடையில் திரும்பக் கையில் எடுத்தபோதுதான் எது தேறும், எது தேறாது என்று தெரிந்தது. நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். கடற்கரையில் குடியிருப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நண்பர் ஒருவருடைய சின்ன ஃபைபர் படகில் சில வருடங்களாகக் கோடையில் கரையோரமாகப் போய்வருகிறோம். சென்னையில் ஏறி மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், காற்று இடம் கொடுத்தால் காரைக்கால் வரை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இரவில் இழுவலைக்கு ஒதுங்கிப் போகும் வேலை அப்போது குறைவு என்பதால் அந்த நாட்களில்தான் கிளம்புவோம். தெற்கே போகும்போது காற்றும் நீரோட்டமும் எதிர். இடமும் வலமுமாகப் பாயைத் திருப்பித் திருப்பித்தான் முன்னேற வேண்டும், அலை மேலே அடித்துக்கொண்டே இருக்கும். வடக்கே திரும்பும்போது இரண்டும் துணைக்கு வரும். சாமான்களில் உப்பு ஏறுவதெல்லாம் பெரும்பாலும் போகும் வழியில்தான்.

சென்னையில் இறங்கி ரயிலில் காட்பாடி வந்தால், பிளாட்பாரத்திலேயே அனல் முகத்தில் அறையும். குளிக்கக் கண்ணை மூடினால் தரை ஆடும். புதிதாகப் போய்வருபவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். எனக்கு நன்றாகத் தூங்கி எழுந்தால் அடங்கிவிடும். நாள் கணக்கில் நீடித்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

சரி, சாமான்களுக்கு வருவோம். கத்திரி வெயிலில் வேலூர் மொட்டைமாடியில் எதைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இந்த ஊரில் ஏமாற்றுவதே அதுதான். போவது தண்ணீர் மட்டும், உப்பு துணிக்குள்ளேயே இருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கோடைப் பிற்பகலில் காற்று வறண்டிருப்பதால் உப்பு அடங்கிக் கிடக்கும். ஐப்பசி அடைமழை வந்ததும் அதே உப்பு வேலையைக் காட்டும்.

இதை என்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பயணம் முடிந்ததும் படகு நண்பர் அவசரமாக வெளியூர் போக வேண்டியிருந்தது. அவர் பையை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார், திறக்கவில்லை. இரண்டு பேருடையதும் ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரி லைஃப் ஜாக்கெட், ஒரே கடல். என்னுடையது கழுவியது, அவருடையது கழுவாதது. இரண்டும் ஒரே பரணில்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி பரணில் புஸ்ஸென்று பெரிய சத்தம். ஏறிப் பார்த்தால் நண்பரின் பை ஊதிப்போய்ப் பக்கத்துப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே, தண்ணீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் விரிந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. ஆனால் பையின் நாடாவைத் தொட்டால் ஈரம். ஜிப்பின் இழுப்பானைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, குறடு வைத்துத்தான் நகர்த்த முடிந்தது. ஹெட்லைட்டின் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. என் பையில் இது எதுவும் இல்லை.

கழுவும் முறையை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டு அண்ணன். பல வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை, பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தானே வருகிறது. “தம்பி, ஊறப்போடறதுக்கு முன்னாடி நல்லா உதறித் தட்டிடணும். தட்டாம போட்டா அந்த உப்பு முழுக்கத் தண்ணியில எறங்கி, அந்தத் தண்ணியே மறுபடி தோலுக்குள்ள போவும்” என்றார். காய்ந்த கயிறையும் நாடாவையும் முதலில் உதறி, பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் தண்ணீரில் போடுகிறேன். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறல், காலையில் மூன்றாவது தண்ணீர். அவர் சொன்னபடிதான்.

எந்தத் தண்ணீர் என்பது எங்கள் ஊரில் பெரிய கேள்வி. பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்புக் கரிக்கும். தோல் கழிவு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த ஊர் இது. ஆனாலும் போர் தண்ணீர் முதல் அலசலுக்குத் தாராளமாகப் போதும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, நம் போர் தண்ணீரில் 2 கிராம் இருந்தால்கூட அது பெரிய இறக்கம்தான். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை மிச்சம் பிடித்து இதற்கு விடாதீர்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

இப்போது ஒவ்வொன்றாக.

லைஃப் ஜாக்கெட்: மிதக்கவைக்கும் விசை 150 நியூட்டன், ஊதுவதற்கு 33 கிராம் கேஸ் சிலிண்டர் உள்ள வகை. தண்ணீர் பட்டதும் கரையும் ஒரு மாத்திரைதான் இதைத் தானாக விரியவைக்கிறது. அந்த மாத்திரைக்குக் கடலும் தெரியாது, ஈரப் பரணும் தெரியாது. அதனால் வீடு வந்ததும் சிலிண்டரையும் மாத்திரையையும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுகிறேன். ஜாக்கெட்டில் சிவப்புத் துணி கட்டி வைப்பேன். அது கட்டியிருந்தால் உள்ளே சிலிண்டர் இல்லை என்று அர்த்தம், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. கிளம்பும் முன் சிலிண்டரை எடை போட வேண்டும். இருக்க வேண்டிய எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் முதலில் பார்த்துவிடலாம். அப்புறம் வாயால் ஊதி ஒரு ராத்திரி வையுங்கள். சாயங்காலச் சூட்டில் ஊதினால் விடியலில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அது ஓட்டை இல்லை, காற்று குளிர்ந்ததால் சுருங்கியது. மறுநாள் அதே நேரத்துக்கு அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விலை அதிகம்தான், மனதார வாங்கச் சொல்வேன்.

கயிறு: பாலியஸ்டர் கயிறு இன்னும் கைக்கு மெத்தென்று இருக்கிறது. மொட்டைமாடித் தரையில் போடாமல் மாடிப்படிக் கைப்பிடியில் நிழலில் தொங்கவிடுகிறேன். எங்கள் ஊர்க் காற்றே காயவைத்துவிடும், வெயில் தேவையில்லை. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற பாலிபுரொப்பிலீன் கயிறு ஒரு கோடை வெயிலிலேயே கையில் தூசு தூசாக உதிர்ந்தது. மூட்டை கட்டலாம், உயிரை அதில் கட்ட வேண்டாம்.

ஷாக்கிள் (கயிறை மாட்டும் U வடிவ இரும்பு வளையம்), கொக்கி: எல்லாமே ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் என்றுதான் விற்பார்கள். வீட்டுப் பாத்திரத்துக்குப் போடும் 304 ரகம் கழுவி வைத்தும் பழுப்புப் புள்ளி விட்டது. மாலிப்டினம் கலந்த 316 ரகம் பளிச்சென்று இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, அதனால் எண் பொறித்ததை மட்டும் வாங்குங்கள்.

கை வாக்கி-டாக்கி (படகிலிருந்து பேசும் ரேடியோ): சார்ஜ் ஏறும் முனைகளை ஈரத் துணியால் துடைத்ததோடு சரி, குறை ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு சேனல் 16, போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554. இரண்டையும் பையின் மேல் எழுதி வைத்திருக்கிறோம்.

பை: தண்ணீர் புகாத துணி நன்றாகவே இருக்கிறது, பலவீனம் ஜிப்தான். என்னுடையதில் வெந்நீர் ஊற்றி, காய்ந்ததும் மெழுகுவர்த்தி தேய்த்து ஓட்டுகிறேன். தோள் நாடாவின் தையல் வெயிலில் நைந்தபோது, ஷூ அப்பர் தைக்கும் ஒருவர் தடித்த நைலான் நூலில் தைத்துக் கொடுத்தார், பழைய தையலைவிட உறுதி. நண்பரின் பை ஜிப் தேறவில்லை. அவருக்கு வாயைச் சுருட்டி மூடும் வகையும், ஜாக்கெட்டுக்குப் புது சிலிண்டரும் மாத்திரையும் சொல்லியிருக்கிறோம்.