சாமக் கோலை வெட்டுற ஒற்றை வரி: ட்விலியோவின் ரிஜெக்ட்

வெள்ளவத்தையில தையல் கடை நடத்துறன். லண்டன் ஆக்கள் கோல் எடுத்து அளவு சொல்லி பிளவுஸ் தைப்பிக்கிறதுக்கு வசதியா இணையத்தில போன் நம்பர் வாடகைக்குத் தாற ட்விலியோ எண்ட கம்பனியில ஒரு பிரித்தானிய நம்பர் எடுத்து, என்ர மொபைலுக்குத் திருப்பி விட்டிருக்கிறன். குளிர்காலத்தில அங்க இரவு எட்டு மணியெண்டா இங்க சாமம் ஒன்றரை. அந்த நேரம் அடிக்கிறது அனேகமா இன்சூரன்ஸ் விக்கிறவை. நித்திரையோட காசும் போகும்: உள்ள வாற கோலுக்கு ஒரு கட்டணம், அதை இலங்கை மொபைலுக்குத் திருப்ப இன்னொண்டு.

இதுக்கு மருந்து ட்விஎம்எல்லில, அதாவது வாற கோலை என்ன செய்யிறதெண்டு ட்விலியோவுக்குச் சொல்லுற கட்டளை மொழியில, இருக்கிற ரிஜெக்ட் எண்ட கட்டளை. எக்ஸ்எம்எல் எண்ட குறியீட்டு வடிவத்தில ஒரு வரிதான். கோல் எடுபடாமலே வெட்டுப்படும், அந்தக் கோலுக்குக் காசும் இல்லை. ஆனா அது முதல் கட்டளையா இருக்கவேணும். மகன், "அம்மா, முதல்ல 'கடை பூட்டியாச்சு, போய்ப் படுங்கோ' எண்டு சொல்ல வச்சிட்டு வெட்டுவம்" எண்டான். ஆசைதான். ஆனா முன்னால சே (எழுதினதைக் குரலில சொல்லுற) கட்டளையைப் போட்டா கோல் எடுபட்டதாகிவிடும், மீட்டர் ஓடும். ஏச்சுக்கும் நாங்களே காசு கட்டுறதா?

ரிஜெக்டில காரணம் குடுக்கிற ரீசன் எண்ட இடத்தில ரெண்டே தெரிவு. ஒண்டும் போடாட்டி 'ரிஜெக்டட்': நம்பர் பாவனையில இல்லை எண்ட மாதிரி ஒரு அறிவிப்பு கேக்கும். 'பிஸி' போட்டா எங்கேஜ் சத்தம். தெரிஞ்ச தொல்லை நம்பருகளுக்கு நான் முதலாவதை வச்சிருக்கிறன். நம்பரை மறைச்சு எடுக்கிறவைக்கு பிஸிதான், அதுக்குள்ள ஒரு நல்ல வாடிக்கையாளரும் இருக்கலாம். கடையை மூடிட்டினம் எண்டு நினைச்சிடக் கூடாது. மறைச்ச கோல் சிலது +266696687 எண்டு வரும். கீபேட்டில அனோனிமஸ் எண்ட எழுத்துகளை அமத்தினா வாற இலக்கம் அது. அதையும் வெட்டவேண்டிய நம்பர் பட்டியல்ல சேருங்கோ.

குறையெண்டா, யாரை வெட்டுறது, யாரை விடுறது எண்டு ரிஜெக்டுக்குத் தெரியாது. வாற நம்பரைப் பார்த்துப் பிரிக்க ஒரு சின்ன நிரல் தனியா எழுதவேணும். கள்ள நம்பரை மாத்தி மாத்திக் காட்டுறவனிட்ட பட்டியல் எடுபடாது. நம்பருக்கான மாத வாடகையும் எப்பிடியும் கட்டத்தான் வேணும். உள்ளூர் சிம்முக்கு மட்டும் கோல் வாறவை இதுக்கு மினக்கெட வேண்டாம், போனிலயே பிளொக் இருக்கு.